நோயாளிக்குச் சங்கிலி எதற்கு?



வீட்டில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் நாம் என்ன செய்கிறோம்? நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறோம். கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறோம். இரண்டு நாளில் தணியவில்லை என்றால் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அதே பிள்ளை இரவெல்லாம் தூங்காமல், சுவரோடு பேசிக்கொண்டு, "யாரோ என்னைக் கூப்பிடுறாங்க" என்று எழுந்து எழுந்து ஓடினால் என்ன செய்கிறோம்? முதலில் கதவைச் சாத்துகிறோம். பிறகு ஜன்னலைச் சாத்துகிறோம். அக்கம்பக்கத்தார் காதில் விழக்கூடாதே என்று ரேடியோவைச் சத்தமாக வைக்கிறோம். கடைசியில், ஒன்றும் முடியாமல் போகும்போது, கயிற்றைத் தேடுகிறோம்.

யாரையும் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியிலேயே இருபது ஆண்டுகளாகப் பாடம் சொல்லிக்கொடுத்து வருகிறவள் நான். கயிறு எங்கே கிடைக்கும், யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதெல்லாம் எனக்கும் தெரியும்.

விறகுக் கொட்டகையில் இருந்தவர்

நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ படித்துக்கொண்டிருந்த சமயம். செபராங் பிறையில் ஒரு ரப்பர்த் தோட்டம். இப்போது அங்கே ஒரு ரப்பர் மரம்கூட இல்லை, எல்லாம் செம்பனை. எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு விறகுக் கொட்டகை. அதன் நடுத்தூணில் ஒருவரைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். மாடு கட்டுகிற சங்கிலிதான். ஒரு முனை தூணில், மறு முனை அவருடைய வலது கணுக்காலில். பிள்ளைகள் நாங்கள் அவரை 'கொட்டகை மாமா' என்போம். பெரியவர்கள் அவரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அவர் நல்ல பால்வெட்டுக்காரராம். மரத்துக்குக் காயம் படாமல் சீவுவதில் அவரைப்போல் ஆள் கிடையாது என்று என் அப்பா ஒருமுறை சொன்னார். இருபத்து மூன்று வயதில் 'ஒரு மாதிரி' ஆகிவிட்டாராம். இரண்டு பூசாரிகள் வந்து போனார்கள். ஒரு போமோவும் வந்தார். மூவருக்கும் பணம் போனது. ஆளுக்குக் குணமாகவில்லை. அதன் பிறகுதான் கொட்டகை.

அவருடைய தாயார் கொடுமைக்காரி அல்லர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். மகனுக்கு ஊட்டிவிட்ட பிறகே அந்த அம்மா சாப்பிடுவார். மழை இரவுகளில் கொட்டகை ஓரத்தில் பாய் விரித்து அங்கேயே படுத்துக்கொள்வார். ஆனால் சங்கிலியை மட்டும் அவிழ்க்கவில்லை. கணுக்காலில் புண் வைத்து, ஈ மொய்க்கும். மஞ்சள் அரைத்துப் பூசுவார். பூசிவிட்டு மறுபடியும் அதே இடத்தில் சங்கிலியை மாட்டுவார்.

ஒருநாள் காலை நான் பள்ளிக்குப் போகும்போது அவர் என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, பெரட்டு கலைஞ்சிடுச்சா?" என்று கேட்டார். வேலைக்கு நேரமாகிவிட்டதே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. நான் பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன்.

அவர் ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். டிரெஸ்ஸரை யாரும் கொட்டகைக்கு அழைத்து வரவில்லை. "விடுதலை கிடைச்சது" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சின்னப் பிள்ளை, வேறென்ன நினைப்பேன்? பல ஆண்டுகள் கழித்து ஏர்வாடிச் செய்தியைப் படித்தபோதுதான் அந்தக் கணுக்கால் என் கண் முன்னால் வந்து நின்றது.

ஏர்வாடியில் நடந்தது என்ன?

தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்தில், கடலோரமாக இருக்கும் ஊர் ஏர்வாடி. அங்கே பெரிய தர்கா ஒன்று உண்டு. நம் பினாங்கு சூலியா ஸ்திரீட்டில் இருக்கும் நாகூர் தர்காவில் இந்துக்களும் போய்க் கும்பிடுகிறார்கள் அல்லவா, அதுபோல ஏர்வாடிக்கும் எல்லா மதத்தவரும் போவார்கள். மனநோய் கண்டவர்களை அங்கே கொண்டுபோய்த் தங்க வைத்தால், கனவில் உத்தரவு கிடைக்கும், கிடைத்ததும் குணமாகி வீட்டுக்குத் திரும்பலாம் என்பது நம்பிக்கை. நம்பிக்கையை நான் குறை சொல்ல வரவில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் பால்குடம் எடுக்கிறவள் நான்.

ஆனால் அந்த நம்பிக்கையைச் சுற்றி ஒரு வியாபாரம் வளர்ந்துவிட்டது. தர்காவைச் சுற்றிலும் தனியார் 'மனநோயாளிகள் இல்லங்கள்' முளைத்தன. குடும்பத்தார் மாதாமாதம் பணம் அனுப்புவார்கள். இல்லத்துக்காரர் நோயாளியை வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்வது என்றால்? ஓலைக் கொட்டகையில், சங்கிலி போட்டு.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி, விடியற்காலை ஐந்து மணி இருக்கும். மொய்தீன் பாதுஷா மனநோயாளிகள் இல்லம் என்ற ஒன்றில் தீப்பிடித்தது. உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். சங்கிலி சற்றுத் தளர்வாக இருந்த சிலர் எப்படியோ உருவிக்கொண்டு தப்பினார்கள். மற்றவர்கள் எழுந்து ஓடத்தான் பார்த்திருப்பார்கள். சங்கிலியின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம்தானே ஓட முடியும்? முதலில் 25 பேர், பிறகு மருத்துவமனையில் 3 பேர், ஆக 28 உயிர்கள். கரிந்துபோன உடல்களை இன்னார் என்று அடையாளம் காணவும் முடியவில்லை.

அந்த 28 பேரில் ஒருவர்கூடக் குற்றவாளி இல்லை. நீதிமன்றம் யாருக்கும் தண்டனை விதித்திருக்கவில்லை. அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டது தாய், தகப்பன், அண்ணன், கணவன். பெரும்பாலோர் நம்மைப்போல் ஏழைகள். ஏன் அங்கே விட்டார்கள்? ஒரு காரணத்தை மட்டும் சொல்கிறேன். அன்றைக்குத் தமிழ்நாடு முழுவதற்கும் அரசாங்க மனநல மருத்துவமனை ஒன்றே ஒன்றுதான். அது சென்னைக் கீழ்ப்பாக்கத்தில். ஏர்வாடியிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அதிகம். கூலிக்காரன் ஒருவன் ஓடுகிற மகனைப் பிடித்துக்கொண்டு எத்தனை பஸ் மாறுவான்? டாக்டர் எட்டாத தூரத்தில் இருந்தார். சங்கிலிதான் பக்கத்தில் கிடைத்தது.

செய்தி வெளிவந்ததும் நாடே பதறியது. ஒரே வாரத்தில், ஆகஸ்டு 13-ஆம் தேதி, அந்த வகை இல்லங்கள் எல்லாவற்றையும் மூடினார்கள். 500-க்கும் அதிகமானோர் அரசாங்கப் பொறுப்பில் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள். யாரும் வழக்குப் போடக் காத்திராமல் இந்தியாவின் உச்சநீதிமன்றம் தானாகவே இதை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டு அரசு இராமதாஸ் என்பவர் தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைத்தது. உரிமம் இல்லாமல் இல்லம் நடத்தக்கூடாது, எல்லோருடைய சங்கிலியையும் அவிழ்க்க வேண்டும் என்று கமிஷன் சொல்லிற்று. இல்லத்தின் உரிமையாளர், அவர் மனைவி, இரண்டு உறவினர்கள் ஆகிய நால்வருக்கும் 2007-ல் ஏழாண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நோயாளியைச் சங்கிலியில் கட்டுவது தீ பிடிப்பதற்கு முன்பும் இந்தியச் சட்டத்துக்கு விரோதம்தான். சட்டம் புத்தகத்தில் இருந்தது, சங்கிலி காலில் இருந்தது. இடையில் இருந்த நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர்களும் வக்கீல்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் ஆண்டுக்கணக்கில் எழுதியும் வாதாடியும் போராடிய பிறகு, 2017-ல் புதிய மனநலச் சட்டம் வந்தது. அதன் 95-ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த முறையிலும் எந்த வடிவிலும் சங்கிலியில் பிணைக்கக்கூடாது என்று சொல்கிறது. மயக்க மருந்து கொடுக்காமல் மின்சார சிகிச்சை செய்வதையும் அதே பிரிவு தடுக்கிறது.

ஏர்வாடி தர்காவிலேயே பிற்பாடு அரசாங்க டாக்டர்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். துவா ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம். கும்பிட வந்தவரை விரட்டாமல், கும்பிட்டு முடித்தவரிடம் மாத்திரையைக் கொடுக்கிறார்கள். எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. நம் ஊர்க் கோயில்களிலும் யாராவது இதை யோசித்துப் பார்க்கலாம்.

பாரிஸிலும் ஆச்சேயிலும்

சங்கிலி நம் இனத்துக்கு மட்டும் சொந்தமென்று எண்ண வேண்டாம். பாரிஸ் நகரத்தில் பிசேத்ர் என்ற மருத்துவமனையில் மனநோயாளிகளை இரும்பில் பூட்டி வைத்திருந்தார்கள். 1797-ல் அந்த இரும்பைக் கழற்றியவர் புஸ்ஸேன் என்ற காப்பாளர். அவர் டாக்டர் அல்லர். முன்பு அங்கேயே நோயாளியாகக் கிடந்தவர். ஆனால் உலகம் புகழ்வது அங்கிருந்த டாக்டர் பினேலைத்தான். (வேலை செய்கிறவன் ஒருவன், பெயர் வாங்குகிறவன் ஒருவன் என்பது தோட்டத்தில் மட்டும் நடப்பதல்ல போலும்!) அமெரிக்காவில் பழைய மனநோய் விடுதிகளில் கிடந்த சங்கிலிகளையும் விலங்குகளையும் சேர்த்து, 1953-ல் பால்டிமோர் நகரில் உருக்கி, 300 ராத்தல் எடையுள்ள மணி ஒன்றை வார்த்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தீவுக்கு எதிர்க்கரையில் சுமத்திரா இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் ஆச்சே தெரு என்று ஒரு தெரு உண்டு. அந்த ஆச்சேக்காரர்களின் மண். இந்தோனேசியாவில் மனநோயாளியை மரக்கட்டையில் கால் மாட்டிப் பூட்டுவதற்குப் 'பாசோங்' என்று பெயர். அரசாங்கம் அதை 1977-லேயே தடை செய்தது. தடை செய்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 2010-ல், பாசோங் இல்லாத ஆச்சேயை உருவாக்குவோம் என்று அந்த மாநிலம் ஓர் இயக்கமே தொடங்க வேண்டியிருந்தது. கட்டையில் கிடந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்து மருத்துவமனைக்குக் கொண்டு வந்தார்கள். 2020-ல் மனித உரிமைக் கண்காணிப்பு அமைப்பு வெளியிட்ட அறிக்கை, சுமார் 60 நாடுகளில் இலட்சக்கணக்கானோர் இப்படிக் கட்டிவைக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது.

நம் நாட்டில்

'ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்' என்று நாம் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். வகுப்பில் ஒரு பையன் இன்னொருவனை அப்படித் திட்டுவதை வாரத்துக்கு ஒருமுறையாவது நான் கேட்கிறேன். தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை பேராக்கில் 1911-ல் திறக்கப்பட்டது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கே இருந்தார்கள். போனவர் திரும்புவதில்லை என்ற பேச்சு அப்போது எழுந்ததுதான். இன்று அதன் பெயர் பஹாகியா மருத்துவமனை. பெயர் மாறியது, நம் வாய் இன்னும் மாறவில்லை.

பினாங்குக்காரர்களாகிய நாம் பெருமைப்பட ஒன்று இருக்கிறது. மனநோயாளி என்றாலே தூரத்தில் தனியாக மதில் சுவருக்குள் என்றிருந்த காலத்தில், சாதாரணப் பொது மருத்துவமனை ஒன்றுக்குள்ளேயே மனநோய்ப் பிரிவு நம் நாட்டில் முதன்முதலாகத் திறக்கப்பட்டது பினாங்கில்தான், 1958-ல். அதே வாசல், அதே பதிவு முகப்பு. ஒருவருக்குச் சர்க்கரை வியாதி, இன்னொருவருக்கு மனவியாதி. பக்கத்தில் நிற்பவருக்கு யார் எதற்கு வந்தார் என்று தெரியாது.

சட்டமும் மாறியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 1952-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2001-ல் புதிய மனநலச் சட்டம் இயற்றப்பட்டு, 2010-ல் நடைமுறைக்கு வந்தது. நாம் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு அதைச் சொல்லிவிடுகிறேன். நோயாளி தானாகவே வந்து சேரலாம். அவர் சம்மதிக்காதபோது, உறவினர் எழுத்து மூலம் விண்ணப்பம் செய்ய வேண்டும். கூடவே ஒரு டாக்டர் நேரில் சோதித்துப் பார்த்து, சேர்க்கத்தான் வேண்டும் என்று எழுதித் தர வேண்டும். அந்தச் சோதனை ஐந்து நாளுக்கு முற்பட்டதாக இருக்கக்கூடாது. 'எப்போதோ பார்த்தேன்' என்பதெல்லாம் செல்லாது. சேர்த்த 24 மணி நேரத்துக்குள் மறுபடியும் சோதிக்க வேண்டும். அதன் பிறகும் வைத்திருப்பதென்றால் முதலில் ஒரு மாதம் வரைதான். அதற்கு மேல் வேண்டுமானால் இரண்டு பேர் சோதிக்க வேண்டும். ஒருவர் மனநோய் நிபுணராக இருக்க வேண்டும். மின்சார சிகிச்சைக்கு நோயாளியின் சம்மதம் வேண்டும். அவர் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லை என்றால்தான் உறவினரைக் கேட்பார்கள். கட்டி வைப்பதற்கும் தனியறையில் போடுவதற்கும் விதிகள் இருக்கின்றன. அரசாங்க மனநல மருத்துவமனைகளுக்குப் பார்வையாளர் குழுவும் உண்டு.

உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாக்கிய 309-ஆம் பிரிவையும் 2023-ல் நீக்கினார்கள். முன்பு அதற்கு ஓராண்டு வரை சிறை! போலீசுக்குப் பயந்து டாக்டரிடம் போகாமல் மறைத்த குடும்பங்கள் எத்தனையோ. இனி மறைக்க வேண்டியதில்லை. மனம் தாங்காதவர்கள் கூப்பிட்டுப் பேசுவதற்கென்று சுகாதார அமைச்சு 2022-ல் 15555 என்ற தொலைபேசி எண்ணைத் தொடங்கியது.

எல்லாம் நன்றாகிவிட்டதா என்றால், இல்லை. உடற்பேறு குறைந்தோரின் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு ஒப்பந்தத்தை மலேசியா 2010-ல் ஏற்றபோது, 15, 18 ஆகிய இரண்டு பிரிவுகளை மட்டும் ஏற்காமல் ஒதுக்கி வைத்தது. 15-ஆம் பிரிவு எதைப் பற்றியது தெரியுமா? சித்திரவதைக்கும் கொடூரமான, மனிதத்தன்மையற்ற நடத்தைக்கும் எதிரானது! அதையும் ஏற்றாக வேண்டும் என்று உடற்பேறு குறைந்தோர் அமைப்புகள் குரல் கொடுத்து வந்திருக்கின்றன. நியாயமான குரல் என்றே நான் நினைக்கிறேன்.

என் மாணவன்

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலை, ஒரு தாய் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். செம்பனைத் தோட்டத்தில் பழம் பொறுக்குகிற வேலை. கையில் நாளிதழ்த் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். அவர் மகன் என்னிடம் ஆறு வருடம் படித்தவன், கணக்கில் கெட்டிக்காரன். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது; பிறையில் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மாதமாகத் தூக்கமில்லை. காற்றாடி தன்னைப் பற்றிப் பேசுகிறது என்கிறான். சோற்றில் யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். சாமியாடி ஒருவர் வந்து வேப்பிலையால் அடித்தார். பிறகு பிரம்பால் அடித்தார். தாய்மாமன்மார் கூடி, 'கட்டித்தான் போடணும்' என்று முடிவு சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தாய் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே புத்தம்புதுச் சங்கிலி. டவுன் கடையில் வாங்கியது. என்னிடம் அவர் கேட்டது இது ஒன்றுதான்: "டீச்சர், கால்ல புண்ணு வராம எப்படிக் கட்டுறது?"

எனக்கு விறகுக் கொட்டகை ஞாபகம் வந்துவிட்டது. சங்கிலியை வாங்கி என் மேசைக்கு அடியில் வைத்தேன். அன்றிரவு அவன் வீட்டிலேயே இருந்தேன். மறுநாள் தோட்டத்துக்கு அருகில் உள்ள ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். முகப்பில் இருந்த ஒருவர் இவனைப் பார்த்து, "ரம்புத்தான் கேஸா?" என்று சிரித்தார். பையன் எழுந்து ஓடப் பார்த்தான். நல்லவேளை, உள்ளே இருந்த பெண் டாக்டர் வெளியே வந்து, தானே அவன் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டு போனார். கடிதம் கொடுத்தார். பட்டர்வொர்த்திலிருந்து படகில் தீவுக்குப் போனோம். பாலத்து வழியாகக் காரில் போகலாம் என்றார்கள். அவன் மாட்டேன் என்றான். படகு என்றால் வருகிறேன் என்றான். அவன் சொன்னபடியே செய்தோம். கடல் காற்றில் அன்றுதான் பத்து நிமிடம் கண் அயர்ந்தான்.

உளச்சிதைவு நோய் என்றார்கள். உலகத்தில் ஏறக்குறைய 300 பேருக்கு ஒருவருக்கு இது வருகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இளவயதில்தான் பெரும்பாலும் தொடங்கும். பேயும் அல்ல, பில்லி சூனியமும் அல்ல, வளர்ப்பின் குறையும் அல்ல. மாத்திரை கொடுத்தார்கள். காற்றாடியின் பேச்சு மெல்ல மெல்ல அடங்கியது.

கதை இத்துடன் சுபமாக முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். முடியவில்லை. மாத்திரையால் கை விறைக்கிறது, எப்போதும் தூக்கமாக வருகிறது என்று அவன் இரண்டு முறை சொன்னான். 'எல்லாம் போகப் போகச் சரியாயிடும், முழுங்கு' என்று நாங்கள் அதட்டினோம். அவன் அதட்டுக்குப் பயந்து வாயில் போட்டுக்கொண்டு, பின்பக்கம் போய்த் துப்பிவிட்டான். ஐந்தாம் மாதம் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பியது. இந்த முறை அவன் வரச் சம்மதிக்கவில்லை. தாய் பாரத்தில் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியதால் நான் பிடித்துக்கொண்டேன். மாமன்மார் அவனைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தான்.

தெளிந்த பிறகு நான் பார்க்கப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் கேட்டான்: "நீங்களும் சேர்ந்துதானே டீச்சர் என்னைப் பிடிச்சுக் கொடுத்தீங்க?"

நாங்கள் செய்தது சட்டப்படி சரி. அவன் உயிருக்கும் அதுதான் பாதுகாப்பு. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை, இன்றும் இல்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று முதல்முறை அவன் சொன்னபோதே நாங்கள் டாக்டரிடம் போய்ச் சொல்லியிருந்தால், அந்த வண்டியே தேவைப்பட்டிருக்காதோ என்னவோ. நோயாளியின் உரிமை என்று பெரிய பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். எங்கள் வீட்டுச் சமையற்கட்டில் அது 'கை விறைக்குது' என்று அவன் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்பதாக இருந்திருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை.

டாக்டர் கேட்டார். மருந்தை மாற்றினார். தினமும் மாத்திரை விழுங்குவதா, மாதம் ஒருமுறை ஊசி போட்டுக்கொள்வதா, நீயே சொல் என்றார். அவன் ஊசி என்றான். இதற்கு என்ன பெயர், எதற்குக் கொடுக்கிறீர்கள், எவ்வளவு காலம், உடம்புக்கு என்ன செய்யும் என்று நான்கு கேள்வி கேட்டான். டாக்டர் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். தாய்மார்களே, இந்தக் கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. தமிழில் சொல்லத் தெரிந்த தாதி இருந்தால் கூப்பிடச் சொல்லிக் கேட்கலாம். மலாய் தெரிந்த பிள்ளை ஒன்றை உடன் அழைத்துப் போகலாம். வாயை மூடிக்கொண்டு மருந்துப் பையை வாங்கி வருவதில்தான் பிறகு எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

அந்த ஆண்டு தீபாவளிக்குப் பிறகு அவனும் நானும் அவன் தாயும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினோம். எழுதியது அவன். மறுபடியும் நோய் கண்டால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த மாமன் தன்மேல் கை வைக்கக்கூடாது, மருத்துவமனைக்குக் கொண்டு போவதானால் பொய் சொல்லி ஏமாற்றாமல் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், முடிந்தால் படகில் போக வேண்டும். இது சட்டப் பத்திரம் ஒன்றும் அல்ல, நாங்களாகச் செய்துகொண்டது. ஒரு நகலை டாக்டரிடம் கொடுத்தோம். அவர் வாங்கி அவனுடைய கோப்பில் வைத்துக்கொண்டார். வீட்டுப் பிரதி காலண்டருக்குப் பின்னால் இருக்கிறது.

சங்கிலியை அந்தத் தாய் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனார். கடைக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது அவர் வீட்டு ஆடு அதில் கட்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அவனிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவனைப் பற்றியதாயிற்றே, கேட்காமல் எப்படி அனுப்புவது? ஓர் இடத்தில் நான் 'புத்தி பேதலித்த காலத்தில்' என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு 'நோய் கண்ட காலத்தில்' என்று போடச் சொன்னான். பிறகு எனக்கு அந்த வாக்கியமே வேண்டாமென்று தோன்றியது, எடுத்துவிட்டேன். மாத்திரையைத் துப்பியதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றான். சங்கிலி வாங்கியதை எழுதலாமா என்று அவன் தாயைக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எழுதுங்க டீச்சர் என்றார்.

"எங்க தோட்டத்துப் பேரை மட்டும் போட்டுடாதீங்க," என்றான் பையன். "வர்ற மாசம் ஒரு கம்பெனியில வேலைக்குக் கேட்டிருக்கேன்."